ஜூலை ஏழாம் தேதி காலை

ஆகஸ்ட் 4

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

மிளகு எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். அம்மா அப்படியேதான் இருக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? ஹாஸ்டல் சாப்பாடு தொண்டையில் இறங்குகிறதா? உன் போனை மேட்ரன் பூட்டி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்தான் தருகிறாராம். அந்தப் பத்து நிமிஷமும் அப்பா என் தோளை இடித்துக்கொண்டு நிற்கிறார். அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் முடிந்துவிட்டது. இடது கையால் ஸ்பூன் பிடிக்கிறாள். வலது கை இன்னும் மடியிலேயே கிடக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறோம். பேச்சு வரவில்லை. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று கேள்.

ஜூலைக் கடைசி ஞாயிறு, சபையில் கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்லும் நேரத்தில் அப்பா எழுந்தார். நம் அப்பா. லிஃப்ட் மெக்கானிக் சங்கக் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவர். "ஜூலை ஏழாம் தேதி காலையில என் மனைவி 'ஸ்தோத்திரம்'னு சொன்னா. என் காதால கேட்டேன்" என்றார். சபை முழுக்கக் கை தட்டியது. பாடகர் வரிசையில் நின்ற எனக்குக் காது அடைத்துப்போனது. நீ நர்சிங் ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முந்தி அது. அன்று காலை நான் வீட்டில்தான் இருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உனக்குக் கேட்டதா?

இன்னொன்று. நீ விட்டுப்போன பெட்டி இப்போது என் தலையில். சபை வாசலில் இருக்கும் வாலிபர் கூட்டத்து ஜெபப் பெட்டியைச் சனிக்கிழமைதோறும் திறந்து, பேர் போடாமல் வரும் சீட்டுகளை என் கையெழுத்தில் நோட்டில் எழுதிவிட்டு, அசலைக் கிழித்துப்போடுகிறேன். யார் எழுதியது என்று யாருக்கும் தெரியக் கூடாது என்று நீ சொன்னதை மறக்கவில்லை.

உடனே பதில் போடு. உனக்காக ஜெபிக்கிறேன்.

உன் அன்புத் தங்கை


ஆகஸ்ட் 21

கர்த்தருக்குள் பிரியமான மிளகுக்குட்டிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே மூச்சுவிட நேரமில்லை. நோயாளி படுத்திருக்கும்போதே கீழே இருக்கும் விரிப்பை மாற்றக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒரு சுருக்கம் இருந்தாலும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எனக்கு நோயாளியாகப் படுத்த பெண் குறட்டை விட்டுத் தூங்கிப்போனாள். மேட்ரன் அதை என் திறமை என்று எடுத்துக்கொண்டார். ஊசி போடுவது அடுத்த மாதம். இப்போதைக்கு ஆரஞ்சுப் பழங்களுக்குப் போடுகிறோம்.

அம்மாவின் வலது கைவிரல்களை நாளுக்கு நாலு முறை நீட்டி மடக்கிவிடு. கட்டை விரலை மறந்துவிடாதே. படுக்கையில் ஒரே பக்கமாக வைக்காதே. குதிகாலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்.

நீ கேட்டது பற்றி. அப்பா சும்மா எதையும் சொல்பவரா? யார் கேட்டால் என்ன, தேவனுக்கு மகிமை. துப்பறியும் வேலையை விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் படி.

எல்லோரும் நலமாக இருக்க ஜெபிக்கும்,
அக்கா


ஆகஸ்ட் 28

பிரியமான அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும்.

படுக்கை விரிப்புக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். என் கேள்விக்கு ஒன்றரை வரி. அதிலும் பதில் இல்லை.

நான் துப்பறிந்தாகிவிட்டது. அப்பா வேலை முடித்ததும் எழுதும் சர்வீஸ் சீட்டு உனக்குத் தெரியுமே, வெள்ளைத் தாள் கட்டடக்காரருக்கு, மஞ்சள் தாள் அப்பாவுக்கு. ஜூலை மாதக் கட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் தேதி, காலை ஐந்து நாற்பது, மருத்துவமனைக்குப் பின்னால் இருக்கும் ஒன்பது மாடிக் கட்டடம், இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, வேலை முடிந்தது பதினொன்று பத்து. அப்பாவே கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்புறம் எந்தக் காதால் கேட்டார்?

நவம்பரில் சபைக் கமிட்டித் தேர்தல். அப்பாவின் பெயரைச் சிலர் சொல்கிறார்கள். எனக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதவே கூசுகிறது.

இப்போது வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். அம்மாவின் கையை எடுத்துத் தங்கள் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்கிறார்கள். அம்மா சுவரைப் பார்க்கிறாள். குடும்ப ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடும்போது நான் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தைப் பார்க்கிறேன். அவர் கண்ணும் சில நாள் திறந்திருக்கிறது. இருவரும் சட்டென்று மூடிக்கொள்கிறோம்.

தங்கை


செப்டம்பர் 14

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

நான் சுகம். லேசாகக் காய்ச்சல் வந்து போய்விட்டது.

உன் கடிதத்தில் "கர்த்தருக்குள்" காணவில்லை. மறதியா, கோபமா? அப்பா பதவிக்காக அலைகிற ஆள் இல்லை. அது உனக்கே தெரியும். அவருடைய சர்வீஸ் கட்டைக் கிளறுவது சரியில்லை. ஜெபத்தில் கண்ணை மூடிக்கொள்.

முதல்முறையாக வார்டுக்குள் விட்டார்கள். அம்மாவைப் போலவே ஒரு பெண்மணி, மூன்றாவது கட்டில். அவருக்குத் தண்ணீர் கொடுப்பது என் வேலை. அந்தக் கட்டிலுக்கு மட்டும் கடைசியில்தான் போகிறேன். மற்றபடி ஒன்றுமில்லை.

ஒரு சின்ன விஷயம். அப்பா சாட்சி சொன்னபோது என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவுக்கு என் முத்தம்.

அக்கா


செப்டம்பர் 20

அக்கா,

சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன்.

இன்று பெட்டியைத் திறந்தேன். ஏழு சீட்டு. ஆறு எப்போதும் போல, பரீட்சை, வேலை, தலைவலி. ஏழாவது, மஞ்சள் தாளிலிருந்து கத்தரித்தது. இடது கையால் எழுதினதுபோல் கோணல் எழுத்து. "கேட்காத ஒன்றைக் கேட்டதாகச் சபையில் சொல்லிவிட்டேன். எப்படித் திருப்பிச் சொல்வது என்று தெரியவில்லை. ஜெபியுங்கள்."

நான் அதை நோட்டில் எழுதவில்லை. கிழிக்கவும் இல்லை. என் வேதாகமத்தின் உறைக்குள் செருகி வைத்திருக்கிறேன். வாலிபர் கூட்டத்தில் மற்ற ஆறையும் வாசித்தேன். எல்லோரும் ஜெபித்தார்கள். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

சரி, பொய் சொன்னார், வருத்தப்படுகிறார், போகட்டும் என்று விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விட முடியாது. உன் பள்ளிச் சீருடையைத் தைத்த தையல்காரம்மா இருக்கிறாரே, அவருடைய வீட்டுக்காரருக்கு ஜூன் மாதம் அம்மாவுக்கு வந்ததே வந்தது. பயிற்சிக்கு நம்மோடுதான் வருவார்கள். மூன்று வாரமாகக் காணோம். கடைக்குப் போய்க் கேட்டேன். "உங்கம்மாவுக்கு ஜெபத்தாலதானே வாய் தெறந்துச்சு. நாங்களும் விசுவாசமா மாத்திரைய நிறுத்திட்டோம். நீங்க இன்னும் பயிற்சிக்குப் போறீங்களா, ஏன்?" என்று என்னையே கேட்டார். வீட்டுக்காரர் உள்ளே கட்டிலில் கிடந்தார். கை மணிக்கட்டில் மடங்கிக்கொண்டிருக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன். "நான் போயி அவங்ககிட்ட பேசுறேன்மா" என்றார். போனார். மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார். "நீங்க சாட்சி சொன்ன வாயால இப்படிச் சொல்லலாமா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அதனால் முடிவு செய்துவிட்டேன். அக்டோபர் கடைசி ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்து நிற்பேன். மஞ்சள் கட்டையும் கொண்டுபோவேன்.

உன்னைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஏன் கேட்டாய்?

மிளகு


அக்டோபர் 9

அக்கா,

பத்தொன்பது நாள். பதில் இல்லை. போன ஞாயிறு போனில் வார்டு வேலை என்று சொல்லி ஒரு நிமிஷத்தில் வைத்துவிட்டாய். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். அப்பாவோடு சேர்ந்து நீயும் எதையோ மறைக்கிறாய்.

தையல்காரம்மாவின் வீட்டுக்காரரை நேற்று ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். ரத்த அழுத்தம் எகிறி மயங்கிவிட்டார். உயிருக்கு ஆபத்தில்லையாம். இப்போது அவருக்கும் பேச்சில்லை.

எனக்கு ஜெபம் வருவதில்லை. முழங்கால் போட்டால் சந்தேகம்தான் வருகிறது. பாட்டு பாடுகிறவர்கள், அழுகிறவர்கள், எல்லோரும் நடிப்பதுபோல் இருக்கிறது. பதினாறு வயதில் இப்படி ஆகிவிட்டேனே என்று பயமாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்வேன்? சீட்டில் எழுதிப் போட்டால் அதைத் திறப்பதும் நான்தான்.

ஞாயிறு இருபத்தாறு. மறந்துவிடாதே.

தங்கை


அக்டோபர் 13

மிளகு,

உன்னிடம் சுகம் விசாரிக்க எனக்கு முகமில்லை. இதை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

அம்மா பேசியதாகச் சொன்னது அப்பா இல்லை. நான்.

எனக்குச் சேர்க்கை உத்தரவு வந்தபோது அப்பா என்ன சொன்னார் என்று உனக்குத் தெரியாது. நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். "இந்த வருஷம் வேண்டாம்மா. அம்மாவ யார் பாக்குறது? அடுத்த வருஷம் பாப்போம்" என்றார். அடுத்த வருஷம் என்றால் எந்த வருஷமும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. ஒரு வாரம் ஜெபித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் தேதி காலை நீ குளித்துக்கொண்டிருந்தாய். அம்மாவுக்கு முகம் துடைத்தேன். கொட்டாவி விட்டாள். அதில் ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான். மதியம் அப்பா அழுக்குக் கையோடு வந்து நின்றபோது, "அம்மா காலையில 'ஸ்தோத்திரம்'னு சொன்னாங்கப்பா. இனிமே தேறிடுவாங்க" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். சாயங்காலம் என் பெட்டியை அவரே பரணிலிருந்து இறக்கினார்.

உன்னிடம் சொல்ல வேண்டாம், சின்னவள் எதிர்பார்த்து ஏமாந்துபோவாள் என்று அவரிடம் சொன்னதும் நான்தான். அவர் சபையில் சொல்வார் என்று நினைக்கவே இல்லை. "என் காதால கேட்டேன்" என்று அவர் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நீ எழுதியதைப் படித்தபோது, என்னைப் பெயர் சொல்லிக் காட்டவில்லை என்று முதலில் நிம்மதிதான் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது அருவருப்பாக இருக்கிறது.

ஒரு மனிதரின் பேச்சு என்னால் போயிருக்கிறது. நான் இங்கே சீருடை போட்டுக்கொண்டு நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கிறேன். மூன்றாவது கட்டில் பெண்மணிக்குப் பேச்சு இல்லை, ஆனால் எல்லாம் புரிகிறது. ஆமா இல்லை என்று தலையாட்டும்படி கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டால் பளிச்சென்று பதில் சொல்கிறார். அப்போதுதான் உறைத்தது. சாட்சி சொன்னார்கள், கை தட்டினார்கள், நீ கட்டைக் கிளறினாய், நான் ஒளிந்துகொண்டேன். அம்மாவிடம் யாராவது கேட்டோமா?

இந்தக் கடிதத்தை அப்பாவிடம் கொடு. சபையில் வாசிக்க வேண்டுமென்றாலும் வாசி. என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

அக்கா


அக்டோபர் 19

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று முறை படித்தேன்.

இரண்டரை மாதம் நான் அப்பாவை வெறுத்தேன். அவர் பரிமாறியதைச் சாப்பிட்டுக்கொண்டே வெறுத்தேன். நீ படுக்கை விரிப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாய். ஜெபத்தில் கண்ணை மூடு என்று எனக்குப் புத்தி சொன்னாய்.

அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, ஜூலை மாசம் நீ ஏதாவது பேசுனியா?" இல்லை என்று தலையாட்டினாள். யோசிக்கக்கூட இல்லை. "வந்தவங்க எல்லாம் சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?" ஆமாம். "அப்பா சொன்னது பொய்னு தெரியுமா?" ஆமாம். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அவள் காலைப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

கடிதம் இன்னும் என்னிடம்தான். கொடுத்தால் அப்பா உடைந்துபோவார். கொடுக்காவிட்டால் நானும் உங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிடுவேன்.


அக்டோபர் 22

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். காய்ச்சல் விட்டுவிட்டதா? குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே.

சின்னவள் உன் கடிதத்தைத் திங்கட்கிழமை கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகராமல் நின்றாள். எனக்கு எழுத வராது. வந்தவரை எழுதுகிறேன்.

நீ சொன்னது நிஜமாக இருக்காது என்று ஆகஸ்டிலேயே சந்தேகம் வந்துவிட்டது. பயிற்சி கொடுக்கும் அம்மா உன் அம்மாவின் வாயைப் பரிசோதித்துவிட்டு, "இன்னும் ஒரு எழுத்துகூட வரலியே" என்றார். அப்புறம் உன்னைக் கேட்கப் பயந்தேன். கேட்டால் நீ திரும்பி வந்துவிடுவாய்.

ஆனால் ஒன்றைச் சரியாகத் தெரிந்துகொள். உன் பங்கு உன்னுடையது. "என் காதால் கேட்டேன்" என்பது என் பங்கு. அதை நீ சொல்லித் தரவில்லை. "என் மகள் கேட்டாள்" என்று சொல்லத்தான் எழுந்தேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு மாதமாக என்னைப் பாவம்போல் பார்த்த முகங்கள். வாய் மாறிவிட்டது. லிஃப்ட் சரியாக இல்லாமலே சரி என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. இருபத்திரண்டு வருஷத்தில் நான் அப்படிப் போட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் பங்கைச் சொல்வேன். சின்னவள் நிற்க வேண்டியதில்லை. உன் பங்கை நான் சொல்ல மாட்டேன். லீவில் வரும்போது நீயே தையல்காரம்மாவின் வீட்டுக்குப் போ. நானும் கூட வருகிறேன்.

படிப்பை விடுகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

அப்பா


அக்டோபர் 28

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

இங்கே சுகம். அம்மாவும் சுகம். உன் சுகம் எப்படி? என் கோபம் முழுதாகப் போகவில்லை. பாதி போயிருக்கிறது. மீதிக்கு நீ நேரில் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எழுந்தபோது முன் வரிசையில் ஒருவர் "அல்லேலூயா" என்று ஆரம்பித்தே விட்டார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "ஜூலை மாசம் இங்க நின்னு என் காதால கேட்டேன்னு சொன்னேன். நான் கேக்கல. அன்னைக்குக் காலையில நான் வீட்லயே இல்ல. என் மனைவி இன்னைக்கு வரைக்கும் பேசல. என்ன நம்பி யாராவது மாத்திரையோ பயிற்சியோ நிறுத்தியிருந்தா தயவுசெஞ்சு திரும்ப ஆரம்பிங்க. மன்னிச்சிருங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப அந்த ஸ்தோத்திரம்?" அப்பா சொன்னார், "அது எங்க ஆசைங்க."

போதகர் என்ன செய்வது என்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். கமிட்டிக்காரர்கள் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டார்கள். வாசலில் பாதிப் பேர் எங்களைத் தெரியாதவர்கள்போல் போனார்கள். பார்ப்பதற்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் யாரையும் சந்தேகப்படத் தோன்றவில்லை. எவ்வளவு நாள் ஆயிற்று தெரியுமா?

நானும் சும்மா இல்லை. சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்ததை வாலிபர் தலைவரிடம் சொன்னேன். பெட்டியை வாங்கிக்கொண்டார். வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். நியாயம்தான். ஜெபிக்கச் சொல்லிக் கேட்டவரை நான் இரண்டரை மாதம் விசாரணைதானே செய்தேன்.

இன்று பயிற்சிக்கூடத்துக்குத் தையல்காரம்மா தன் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதருக்குப் பேச்சு திரும்புமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்கிறார்கள். இதை உனக்கு மறைத்து எழுத என்னால் முடியாது.

ஞாயிறு மதியத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சபையிலிருந்து வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தார். "உன் பேர்ல பொய் சொல்லிட்டேன். உன்கிட்ட ஒரு வார்த்த கேக்கல" என்றார். அம்மா அவரையே பார்த்தாள். பிறகு இடது கையை ஓங்கி அவர் கையில் ஓர் அடி வைத்தாள். சரியான அடி. பிறகு அந்தக் கையை விடவே இல்லை. அப்பா சின்னப் பையன் மாதிரி அழுதார். உன் கடிதத்தையும் வாசித்துக் காட்டினோம். உனக்கும் ஓர் அடி நிச்சயம் இருக்கிறது, வா.

சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவுக்கு ஜெபம் செய்ய வாய் வரவில்லை. "நீ பண்ணும்மா" என்றார். எனக்கு மட்டும் என்ன வரும்? கண்ணை மூடினேன். அப்புறம், "ஆண்டவரே, எங்கம்மா இன்னும் பேசல" என்றேன்.

அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அப்பா "ஆமென்" என்றார்.

உன் தங்கை